கரண்டை அதட்டிய முட்டைக்காரர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரண்டை அதட்டி வேலை வாங்கக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. வடக்கனந்தலில் யாரைக் கேட்டாலும் முட்டைக்காரர் என்பார்கள். கடை வாசலில் ‘முட்டை மொத்தம், சில்லறை’ என்று பலகை தொங்கும். உள்ளே மருந்துக்குக்கூட ஒரு முட்டை கிடையாது. முட்டை வைக்கும் அட்டைத் தட்டுகள் மட்டும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு குழியிலும் விரல் பருமனில் ஒரு பேட்டரி செல் நின்றுகொண்டிருக்கும்.

ஒரு காலத்தில் அவர் நிஜமாகவே முட்டை வியாபாரிதான். பேட்டரியில் ஓடும் சரக்கு ஆட்டோவில் ஊர் ஊராக முட்டை போட்டவர். உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு சித்திரை வெயிலில் ஆட்டோ நின்றுவிட்டது. மெக்கானிக் ஒருவரும் கிட்டே வரவில்லை. ஏற்றியிருந்த முட்டை அத்தனையும் கெட்டுப்போனது. அந்தக் கோபத்தில் பேட்டரிப் பெட்டியைத் திறந்தவர்தான், அப்புறம் மூடவே இல்லை. “கோழி மேல வச்சிருந்த நம்பிக்கய கரண்டு மேல மாத்திக்கினேன் சார்” என்பார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் மகள் தேன்மொழியால். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, ஒரு துணை சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் கரண்ட் பைக்கில் ஏறி இறங்குவாள். நான் பள்ளிக்கூடத்தில் வணிகவியல் நடத்துகிறேன். லாபம் எழுதும்போதே நஷ்டத்தை நினைக்கிற புத்தி. அவள் கிளம்பியதிலிருந்து போன் போட்டபடியே இருப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, தள்ளி இருக்கும் ஒரு மலைக் கிராமத்துக்கு ஊசி போடப் போய்த் திரும்பும்போது, ஏற்றத்தின் நடுவில் வண்டி செத்துப்போனது. அவள் போனில் சிக்னல் இல்லை. என் உடம்பில் உயிர் இல்லை. இருட்டப் போகும் நேரத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்த லாரி ஒன்று எங்கள் தெருவில் நின்றது. மூட்டைகளுக்கு நடுவில் வண்டியைச் சாய்த்துவைத்து, வேகவைத்த கிழங்கைத் தின்றபடியே அவள் இறங்கினாள். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நடுங்கியது நான். 

அன்றைக்கே வீட்டில் பஞ்சாயத்து. இந்த வேலையை விட்டுவிடு, ஊருக்குள்ளேயே ஏதாவது ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள் என்றேன்.

“வண்டி சரியாவலன்னா நீங்க சொல்றதக் கேக்கறேன்ப்பா. வேலைய வுட்டுடறேன். சரியாச்சின்னா அதுக்கப்புறம் நீங்க வாயே தொறக்கக் கூடாது. சம்மதமா?”

சம்மதித்தேன். காரணம் இருந்தது. வண்டி விற்ற கடையில், பேட்டரியைத் திறக்கவே மாட்டோம், மொத்தமாக மாற்றத்தான் வேண்டும், புதுசு எப்போது வருமென்று தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் தலையாட்டினேன். முட்டைக்காரர் என்று ஒருவர் இருப்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை அவள் பஸ்ஸில் வேலைக்குப் போய்விட, அவள் சொல்லிவிட்டுப் போனபடி நான் வண்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வடக்கனந்தல் போனேன். முட்டைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார்.

“யாரக் கூட்டிக்கினு வந்துகிறீங்க? பொண்ணு வண்டியா? எங்க போய் வருது? எப்ப சாப்டும்? ராத்திரி எங்க படுக்கும்?”

“மலைக்குப் போய் வருதுங்க.”

‘மலை’ என்றதும் அவர் கேள்விகளைச் சட்டென்று விட்டுவிட்டு உள்ளே போனார். காரணம் அப்போது புரியவில்லை. ஒரு வாளி மணலை என் காலடியில் வைத்தார்.

“பொக வந்தா இத அள்ளிக் கொட்டுங்க சார்.”

“நீங்க?”

“நான் ஓடிடுவேன். எனக்கு அனுபவம் இருக்குது.”

பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாகச் செல்கள், அவற்றை இணைத்து மெல்லிய உலோகப் பட்டைகள். பட்டைகளை உரித்து, செல்களை ஒவ்வொன்றாகத் தட்டில் நிறுத்தி, மீட்டர் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். நல்ல செல்லுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். கெட்டதைக் கண்டால் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “கூமுட்ட! உன்ன நம்பி ஒரு பொண்ணு மல ஏறுது, நீ தூங்கிக்கினு கிடக்கற?” என்று திட்டி, தனியாக வைப்பார். அந்தச் செல்லில் கரண்ட் இருந்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும்.

நடுவில் ஒரு அம்மா பையோடு வந்து நின்றார். “அர தட்டு முட்ட குடுங்க.”

“முட்ட இல்லம்மா, எல்லாம் பேட்டரி.”

“பலகை தொங்குது?”

“அது பாட்டுக்குத் தொங்கட்டும். உனுக்கு இன்னா?”

“அப்ப கழட்டி வையி. மன்ஷன் வெயில்ல நடந்து வரான்.” அந்த அம்மா போன பிறகு முட்டைக்காரர் பலகையை ஒரு பார்வை பார்த்தார். கழற்றவில்லை.

ஒவ்வொரு கூமுட்டைக்கும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழும்பிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு கெட்டால் போதும், மகள் வீட்டோடு இருப்பாள். தட்டுப் பக்கமே குனிந்து, “அதுவும் கெட்டதுங்களா? அந்தப் பக்கத்துல இருக்கறது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் மீட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், ஒண்ணு கேக்கறேன். இது பொழைக்கணும்னு கூட்டியாந்தீங்களா, சாவணும்னு கூட்டியாந்தீங்களா?”

திருதிருவென்று முழித்தபடி, என் வாத்தியார் வேலை, மகளோடு போட்ட ஒப்பந்தம் எல்லாவற்றையும் உளறிவிட்டேன்.

“வாத்தியார் வேலையில இருந்துகினு இப்பிடியா முழிக்கறது?” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார்.

நோய் அகப்பட்டுவிட்டது. மலைப்பாதைக் குலுக்கலில் ஒரு இடத்தில் பட்டை விரிசல் விட்டிருந்தது. அங்கே நாலைந்து செல்கள் எல்லார் பாரத்தையும் தாங்கமுடியாமல் படுத்துவிட்டன. அவற்றைப் பார்த்து, உள்ளே காவலுக்கு இருக்கும் சின்ன சர்க்யூட் பலகை மொத்தக் கதவையும் சாத்திவிட்டது. வேறு நல்ல செல்களைத் தேடி, பழையவற்றுக்குச் சமமாக இருக்கிறதா என்று பொண்ணு மாப்பிள்ளை பொருத்தம் பார்ப்பதுபோலப் பார்த்து, புதுப் பட்டை வைத்து ஒட்டினார். அடுத்த சனிக்கிழமை வண்டி உயிரோடு நின்றது. சாவிக்குக் கை நீட்டினேன்.

“சாவி அப்பிடியெல்லாம் குடுக்கறதில்ல சார். நம்ம கடையில ஒரு வழக்கம். வண்டி தெனமும் போற வழியில ஒருக்கா போய் வரணும். அந்த வூட்ல யாரு ஜாஸ்தி பயப்படறாங்களோ, அவுங்கதான் பின் சீட்டு.”

“யாரு ஓட்டறது?”

“நான்தான்” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு வழி எதுவென்று ஞாபகம் வந்தது.  முட்டை வியாபாரியாக இருந்த காலத்திலும் சரி, இப்போதும் சரி, அந்த மனிதர் மலையடிவாரத்திலேயே வாழ்ந்துகொண்டு, ஒரு தடவைகூட மலை ஏறியவர் இல்லை. வளைவு என்றால் அவருக்கு வயிற்றைப் புரட்டும்.

“வழக்கத்த மாத்திக்கலாமே” என்றேன் ஆசையாக.

“வழக்கம் வழக்கம்தான் சார். ஏறுங்க.”

ஏறினோம். முன்னால் ஒரு நடுங்கி, பின்னால் ஒரு நடுங்கி. வண்டி மட்டும்தான் தைரியமாகப் போனது. ஒவ்வொரு வளைவு வரும்போதும் அவர் வளைவை அதட்டினார். “தே, சும்மா இரு! நேரா இரு! பாக்கறேன் உன்ன!” நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். “சார், சட்டைய புடிங்க, சதையப் புடிக்காதீங்க” என்று நடுவில் ஒரு குரல் வந்தது.

மேலே சுகாதார நிலையத்து வாசலில் இறங்கினோம். தேன்மொழி உள்ளே ஊசி போடும் வேலையில் இருந்தாள், எங்களைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள். வராந்தாவில் குழந்தையும் கையுமாகச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வண்டியில் வந்த என்னைப் பார்த்ததும் ஒரு இளைஞர் எழுந்து, “நர்ஸம்மா அப்பாவா? எங்க இருக்க, சாப்ட்டியா, சிக்னல் இருக்கா?” என்றார் அச்சு அசல் என் குரலில். வராந்தாவே சிரித்தது. என் மகள் என் போன் பேச்சை அங்கே தினமும் நடித்துக் காட்டுகிறாளாம். அந்த மலையில் எனக்குச் சிக்னல் அப்பா என்று பெயர். கோபம் வரவேண்டிய இடம். ஆனால் சிரித்து முடித்ததும் அந்த இளைஞர், “வண்டி நல்லாயிடுச்சிங்களா? பஸ்ஸுன்னா அவங்க மத்தியானமே கெளம்பிடணும். சாயந்தரம் யாருக்காச்சும் ஒடம்பு முடியலன்னா நாங்க பாத்துக்கினுதான் நிக்கணும்” என்று மெதுவாகக் கேட்டார். கையிலிருந்த குழந்தைக்குக் காது வரைக்கும் காய்ச்சலில் சிவந்திருந்தது. நல்லாயிடுச்சு என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

முட்டைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டு தெம்பானார். வண்டியைச் சார்ஜில் போட்டு, நூறு காட்டும் வரைக்கும் அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தார். பிறகு இறங்கினோம்.

கரண்ட் வண்டியில் ஒரு சங்கடம். ஓடினாலும் சத்தம் இல்லை, செத்தாலும் சத்தம் இல்லை. இறக்கத்தில் வண்டி பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. எதிரே கிழங்கு லாரி வந்தபோது முட்டைக்காரர் ஹாரனை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் பார்த்தோம், முன்னால் சார்ஜ் காட்டும் திரை இருண்டு கிடந்தது.

“பாம்! பாம்! பாம்!” என்று முட்டைக்காரர் வாயாலேயே ஹாரன் அடித்தார். லாரி டிரைவர் மிரண்டுபோய் ஒதுங்கினார். நல்லவேளை பிரேக்குக்குக் கரண்ட் வேண்டாம். ஓரத்தில் நிறுத்தினோம். முட்டைக்காரர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

“முடிஞ்சுது சார். நீங்க ஜெயிச்சிட்டீங்க. பொண்ண வூட்டோட வச்சிக்குங்க.”

நான் எதற்குக் காத்திருந்தேனோ அது நடந்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. “யாருங்க ஜெயிச்சது? எழுந்திரிங்கண்ணே! கூமுட்டைய எல்லாம் அந்தத் திட்டு திட்டினீங்க, இப்ப நீங்களே குந்திக்கினா? அங்க ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க!” என் வாயிலிருந்து அந்த ஊர்ப் பேச்சு வந்ததில் அவரே நிமிர்ந்து பார்த்தார்.

“சார்… எவ்ளோ சார்ஜ் போட்டோம்?”

“நூறு வரட்டும்னு நீங்கதான பக்கத்துலயே குந்தினு இருந்தீங்க.”

படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். இறக்கத்தில் இந்த வண்டி தானே கரண்ட் உண்டாக்கி, பேட்டரிக்குள் திருப்பி ஊற்றுமாம். பேட்டரி ஏற்கெனவே கழுத்து வரை நிரம்பியிருந்தால் ஊற்ற இடம் இருக்காது. காவல் பலகை கதவைச் சாத்திவிடும். “வேல சுத்தம் சார்! சோறுதான் ஜாஸ்தி! மேல அர வயிறுதான் போடணும், மீதிய மலையே போடும்.” தன் தப்பைத் தன் கண்டுபிடிப்பாக மாற்றிக்கொள்ள அவருக்கு அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

சாவியை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி போட்டார். திரை விழித்தது. அதிகமான கரண்டைச் செலவழிக்க ஏற்றத்தில் ஓட்ட வேண்டும். வளைவைக் கண்டால் வயிறு புரளும் அந்த மனிதர், என்னை அங்கேயே நிறுத்திவிட்டு, வந்த வளைவுகளிலேயே தனியாக மேலே போய் இறங்கி வந்தார். அதட்டல் சத்தம் மட்டும் மரங்களுக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது.

ஒப்பந்தப்படி நான் வாயைத் திறக்கவில்லை. தேன்மொழி மலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். மேலே அரை வயிறுதான் போடுகிறாள். மாலையில் வடக்கனந்தலை அவள் தாண்டியதும் முட்டைக்காரரிடமிருந்து எனக்கு ஒரு போன் வரும்.

“பேட்டரி கடந்து போச்சு சார். நல்லாக்கீது.”

அவ்வளவுதான். மகளைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நானும் பேட்டரியைத்தான் விசாரிப்பேன்.

போன வாரம் களமருதூரில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். அன்றைக்குப் போன் வராது என்று மனசைத் தயார் செய்து வைத்திருந்தேன். வழக்கமான நேரத்துக்கு மணி அடித்தது.

“கல்யாணத்துக்குப் போவலையாண்ணே?”

“போனேன் சார். பொண்ண அனுப்பற வரிக்கும் இருன்னாங்க. வண்டி எறங்கற நேரமாச்சே, அங்க குந்தினா சோறு எறங்கல. பஸ் ஏறி வந்துட்டேன்.” பிறகு, “பேட்டரி கடந்து போச்சு” என்றார்.

மலையைப் பார்த்து நடுங்க எனக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது. அந்தப் போன் வந்ததும் நான் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறேன், அந்நேரம் அவரும் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்.