மனசு உங்களோடுதான்

மனிதர்களில் ‘மனசால் ஆதரிப்பவர்’ என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் இவரைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஊருக்குப் பாலம் வர வேண்டும் என்று இவருக்கும் ஆசைதான்; வந்துவிட்டால் முதல் ஆளாக அதன்மேல் காரை ஓட்டிக்கொண்டு போகிறவரும் இவர்தான்; ஆனால் பாலத்துக்குப் பணம் ஒதுக்கக் கையைத் தூக்குங்கள் என்றால் மட்டும் இவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். மற்றவர்கள் தூக்குவார்கள். தூக்காமலா போய்விடுவார்கள்? அந்தத் ‘தூக்காமலா போய்விடுவார்கள்’ என்பதன்மேல்தான் இவருடைய மொத்தப் பிழைப்பும் நடக்கிறது.

இந்த ரகம் எல்லா மண்ணிலும் விளையும். ஆனால் வாஷிங்டனில் விளைவது போல நல்ல திரட்சியாக, கோட்டு சூட்டோடு, வேறெங்கும் விளைவதில்லை. உதாரணத்துக்கு ஒருவரைக் காட்டுகிறேன். பெயர் லைல் ப்ரூபேக்கர். இண்டியானா மாநிலத்தில் மேரன்வில் தொகுதிக்காரர், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். யானைச் சின்னக் குடியரசுக் கட்சியா, கழுதைச் சின்ன ஜனநாயகக் கட்சியா என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் “பார்த்தியா, நான் அப்பவே சொல்லலை?” என்று துள்ளுவீர்கள்; மீதிப் பேர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

லைலின் அலுவலக அலமாரியில் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. இடுப்பு உயரம், பொன்முலாம் பூசிய பிடி. திறப்பு விழாக்களில் கொடுக்கிற கத்தரிகள் மொண்ணையாக இருக்கின்றன என்று சொந்தச் செலவில், அதாவது தேர்தல் நிதிச் செலவில், வாங்கி வைத்திருக்கிறார். வெள்ள நிவாரணத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார். அந்தப் பணத்தில் கட்டிய வெள்ளத் தடுப்புச் சுவரைப் போய்த் திறந்து வைத்தார். ஆஸ்பத்திரி நிதியை எதிர்த்து ஓட்டுப் போட்டார். கதவு அகலத்தில் அட்டையில் செய்த செக்கை ஆஸ்பத்திரிக்காரர்களோடு சேர்ந்து தூக்கிப் பிடித்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார். வங்கிகள் கவிழ்ந்தபோது கொடுத்த பணத்தை எதிர்த்துத் தொலைக்காட்சியில் கண்ணீர் விட்டார். தன் சேமிப்பு எந்த வங்கியில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

யாராவது கேட்டால் என்ன சொல்வார்? மார்பில் வலது கையை வைத்து, தலையைச் சற்றே சாய்த்து, “நான் எப்படி ஓட்டுப் போட்டா என்னங்க? என் மனசு உங்களோடதான் இருக்கு” என்பார். இதையே இழவு வீட்டிலும் சொல்வார், பன்றி வளர்ப்போர் சங்கத்திலும் சொல்வார். ஓட்டு மட்டும் அவரோடு இருக்கும்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஹாலன்பாக் டிராக்டர் கம்பெனி படுத்துக்கொண்டது. நல்ல காலத்து லாபத்தையெல்லாம் தங்கள் பங்கைத் தாங்களே வாங்கி விலையேற்றுவதிலும், தலைவருக்கு வெகுமதி மேல் வெகுமதி கொடுப்பதிலும் கரைத்துவிட்டு, கெட்ட காலம் வந்ததும் அரசாங்கம் காப்பாற்ற வேண்டும் என்று வாஷிங்டனுக்குக் கையேந்தி வந்தார்கள். சொந்த விமானத்தில் வந்தார்கள். ஏழை கேட்டால் அதற்கு இலவசம் என்று பெயர். கம்பெனி கேட்டால் மீட்பு நிதி. பெயரை மாற்றிவிட்டால் வெட்கம் போய்விடுகிறது பாருங்கள்!

மேரன்வில் ஊரே அந்தக் கம்பெனியின் ஆலையை நம்பித்தான் இருந்தது. லைலின் அக்கா நோரீன் அங்கேதான் டிராக்டர்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பிரிவில் வேலை பார்த்தாள். அவள் கணவன் எர்லுக்கு ரத்தப் புற்றுநோய். தினமும் ஒரு மாத்திரை. நிறுத்தினால் ஆள் இல்லை என்று டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார். ஆலை கொடுத்த இன்சூரன்ஸில்தான் அந்த மாத்திரை வந்துகொண்டிருந்தது. கடையில் வாங்குவதென்றால் வீட்டையே விற்றாலும் ஒரு வருஷம் தாங்காது.

கம்பெனிக்காக வாஷிங்டனில் பேசுகிறவர் ஜோவானா ரோர்க் என்ற அம்மையார். செவ்வாய்க்கிழமை யானைக் கட்சிக்காரர்களுக்கு நிதி திரட்டும் காலைச் சிற்றுண்டி, புதன்கிழமை கழுதைக் கட்சிக்காரர்களுக்கு. அதே ஹோட்டல், அதே பான்கேக். மேசைமேல் வைக்கிற குட்டிக் கொடி மட்டும் மாறும். லைல் தனக்குரிய நாளில் போய் உட்கார்ந்தார்.

“சார், உங்க ஓட்டு எங்களுக்கு வேண்டாம்” என்றார் ஜோவானா, அவருடைய பான்கேக்கில் மேப்பிள் பாகை ஊற்றியபடி.

லைலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க?”

“தாராளமா எதிர்த்தே போடுங்க. கம்பெனிக்குக் காசு குடுத்தான்னு உங்களை எதிர்த்து நிக்கிறவன் நாளைக்கு ஊர்ல டி.வி.யில விளம்பரம் போடுவான். நீங்க தோத்துட்டா அப்புறம் நான் யாரோட உக்காந்து சாப்பிடறது? மீட்பு நிதி மசோதாவை மத்தவங்க பாத்துப்பாங்க.”

ஓட்டைக்கூடக் கேட்காமல் ஆளை வாங்குகிறார்களே, இதைவிட நாகரிகமான வியாபாரம் உண்டா? லைல் இரண்டாவது பான்கேக்கும் சாப்பிட்டார்.

அன்றைக்கே கட்சிக் கொறடா ப்ராக்டரைப் போய்ப் பார்த்தார். யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பதுதான் கொறடாவின் வேலை. “என்னய்யா, எதிர்த்துக்கறேன்னு கேக்க வந்தியா?” என்று தலை நிமிராமலே கேட்டார் ப்ராக்டர். “போ, எதிர்த்துக்கோ. நம்ம பக்கம் கொஞ்சம் குறைஞ்சாலும் அந்தப் பக்கத்துக்காரன் போடுவான். அவன் ஊர்லயும் டிராக்டர் ஆலை இருக்கே!”

எதிர்க்கட்சிக் கொறடாவும் தன் ஆட்களிடம் அதே நாளில் இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஓட்டெடுப்பன்று காலையில் நோரீன் கூப்பிட்டாள்.

“ஏன்டா லைல், போட்டுருவல்ல?”

“அக்கா, அது பாஸாயிடும். நீ கவலைப்படாத.”

“பாஸாகுமான்னு நான் கேக்கல. நீ போடுவியான்னு கேட்டேன்.”

“எல்லாம் பேசி முடிச்சாச்சுக்கா. என் மனசு உங்களோடதான்…”

“சேச்சே, என்கிட்டயே அந்த மேடைப் பேச்சைப் பேசாதடா. பக்கத்துல எர்ல் உக்காந்து டி.வி.யில உங்க சபையைத்தான் பாத்துட்டிருக்காரு. ஒழுங்கா பச்சையை அமுக்கு.”

சபையில் பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஆதரவு, சிவப்பு என்றால் எதிர்ப்பு. லைல் சிவப்பை அமுக்கினார். அமுக்கிவிட்டு, வெளியே நிருபர்களிடம் சொல்வதற்காக “உழைக்கும் மக்களின் வரிப்பணத்தை” என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே சுவரில் தெரிந்த பெயர் வரிசையை நிமிர்ந்து பார்த்தார். முணுமுணுப்பு பாதியில் நின்றது. சிவப்பு. அடுத்தது சிவப்பு. டிராக்டர் ஆலை இருக்கிற ஊர்க்காரர்கள், டிராக்டர் விற்கிற ஊர்க்காரர்கள், ஜோவானாவின் இரண்டு நாள் பான்கேக்கையும் எப்படியோ சாப்பிட்டவர்கள், எல்லாரும் மற்றவர்களை நம்பிச் சிவப்பை அமுக்கியிருந்தார்கள். நேரம் முடிந்தபோது மசோதாவுக்கு இரண்டு ஓட்டுக் குறைந்தது. இரண்டே இரண்டு பேர் மனம் மாறினால் போதும்.

சபாநாயகர் சுத்தியலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். ஓட்டை மாற்ற இன்னும் வழி இருந்தது. ஆனால் இனிமேல் பொத்தானில் மாற்ற முடியாது. பச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டு, அத்தனை பேரும் பார்க்க நடுச்சபைக்கு நடந்து போய், சபாநாயகரின் மேடைக்கு முன்னால் உள்ள மேசையில் கொடுக்க வேண்டும். கேமரா அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

லைலின் சட்டைப் பையில் கைபேசி துடித்தது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, நோரீன்தான். லைலும் மனுஷன்தான் ஐயா, இல்லை என்று சொல்லவில்லை. எர்ல்தான் அவருக்குச் சின்ன வயதில் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். உடம்பெல்லாம் வேர்க்க, ஒரு பச்சை அட்டையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நடைபாதைக்கு வந்தார். எதிர் வரிசையிலிருந்து எதிர்க்கட்சி உறுப்பினர் ஹார்லன் பிக்கெட்டும் ஒரு பச்சை அட்டையோடு வந்து நின்றார்.

“நீங்க போங்க” என்றார் பிக்கெட், மெல்ல.

“சேச்சே, நீங்க பெரியவர். நீங்க முதல்ல போங்க.”

“இல்ல, உங்க மாநிலத்துலதானே தலைமை ஆலை இருக்கு? நீங்க குடுத்ததும் பின்னாலயே நான் வந்துடறேன்.”

“நான் குடுத்துட்டு நீங்க வராம போயிட்டா? எனக்குக் கெட்ட பேரும் வந்து, மசோதாவும் போயிடுமே!”

“அதேதான் எனக்கும் பயம்!”

“அப்ப சேர்ந்தே போவமா?”

“சேர்ந்து போனா ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொல்லிட மாட்டானா? ஊர்ல என்னைக் கட்சி விரோதின்னு கிழிச்சிருவான். நீங்க ஒரு அடி முன்னால போங்க, ப்ளீஸ்!”

அந்த வருஷம் முழுக்க இரண்டு கட்சிகளுக்கும் நடுவில் இவ்வளவு மரியாதையான பேச்சு நடந்ததே இல்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நிற்கும்போதே சுத்தியல் விழுந்தது. மசோதா செத்தது. லைல் அட்டையை மடித்துக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, வெளியே நிருபர்களிடம் போய் “உழைக்கும் மக்களின் வரிப்பணத்தை” என்று ஆரம்பித்தார்.

அந்த வாரமே ஹாலன்பாக் கம்பெனி, செலவைக் குறைப்பதாகச் சொல்லிச் சில ஆலைகளை இழுத்து மூடியது. முதலில் மூடியது மேரன்வில் ஆலையை. பங்குச் சந்தை சரிந்தது, பெரிய மனிதர்கள் பதறினார்கள், மசோதா போன தடவையைவிடக் கொழுத்துத் திரும்பி வந்தது. “இந்தத் தடவை நிஜமாவே ஆள் இருக்குய்யா” என்றார் ப்ராக்டர். லைல் இந்தத் தடவையும் சிவப்பு, மசோதா பாஸானது. கம்பெனி எழுந்து உட்கார்ந்தது. திறமைசாலிகள் போய்விடக் கூடாது என்று தலைவருக்கு வெகுமதியும் கொடுத்தார்கள். மூடிய ஆலை மூடியதுதான்.

ஆனால் அரசாங்கப் பணத்தில் ஒரு துளி மேரன்வில்லுக்கும் வந்தது. ஆலையின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில், வேலை போனவர்களுக்கு வேறு வேலை கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சி மையம். நான்கு கம்ப்யூட்டர், ஒரு காபி இயந்திரம். திறந்து வைக்க யார் வந்தார் என்று நினைக்கிறீர்கள்? பொன்முலாம் கத்தரியோடு சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்.

ரிப்பனை வெட்டினார். “கஷ்ட காலத்துல என் மனசு முழுக்க உங்களோடதான் இருந்துச்சு” என்றார். சிலர் கையும் தட்டினார்கள். நோரீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எர்லோட மாத்திரை போன வாரத்தோட தீந்துபோச்சு. மனசைக் குடுத்தா மருந்துக் கடையில மாத்திரை தருவானாடா?”

“அக்கா, ஜனங்க இருக்காங்க…”

“இருக்கட்டும். நான் ஒண்ணும் சண்டை போட வரலை.” வலது கையை மார்பில் வைத்தாள். தலையைச் சற்றே சாய்த்தாள். “நவம்பர்ல எலெக்‌ஷன் வருதுல்ல? என் மனசும் உன்னோடதான் இருக்கும்.”

லைல் முதலில் நெகிழ்ந்து சிரித்தார். காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது. போகிற இடமெல்லாம், காபிக் கடையில், பெட்ரோல் பங்கில், தேவாலய வாசலில், ஜனங்கள் அவரைப் பார்த்ததும் மார்பில் கை வைத்தார்கள். இந்த ஆள் தொலைய வேண்டும் என்று மேரன்வில்லில் எல்லாருமே நினைத்தார்கள். வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள்.

தேர்தலும் வந்தது. ‘தன்னந்தனியாக எதிர்த்து நின்ற வீரர்’ என்று தொலைக்காட்சியில் லைலுக்கு விளம்பரம் ஓடியது. காசு கொடுத்தது, பெயர் தெரியாத ஏதோ நல்லோர் சங்கம். அதன் காலைச் சிற்றுண்டியிலும் பான்கேக்தான்.

முடிவு என்ன? லைல் எப்போதும்போல ஜெயித்தார்.

எப்படி என்கிறீர்களா? தீயணைப்பு நிலையத்தில் இருந்த ஓட்டுச்சாவடிக்கு மேரன்வில்காரர்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் திரைக்குப் பின்னால் போய், லைல் தோற்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார்கள். ஆனால் அதற்கு எதிர்க்கட்சிச் சின்னத்தை அல்லவா தொட வேண்டும்? அப்பா காலத்திலிருந்து தொடாத சின்னம். என் கையால் அதைத் தொடுவதா? இவ்வளவு பேர் கோபமாக இருக்கிறார்களே, மற்றவர்கள் தொடாமலா போய்விடுவார்கள்? நான் ஒருத்தன் பழைய சின்னத்தையே தொட்டுவிட்டுப் போனால் என்ன குடி முழுகிவிடும்?

நோரீன் எதைத் தொட்டாள் என்று எனக்குத் தெரியாது. ‘நான் ஓட்டுப் போட்டேன்’ என்ற வில்லையைக் கோட்டில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக வீட்டுக்குப் போனாள். எர்ல் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “என்னம்மா, ஒழிஞ்சானா?” என்று கேட்டார். “மத்தவங்க பாத்துப்பாங்க, நீங்க படுங்க” என்றாள்.

அடுத்த தேர்தலைப் பார்க்க எர்ல் இல்லை. சாவு வீட்டுக்கு லைல்தான் முதலில் வந்தார். என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டுமா?

நல்லவேளை, இதெல்லாம் எங்கேயோ இண்டியானாவில் நடக்கிறது என்று பெருமூச்சு விடுகிறீர்கள். இந்த மாதிரி ஆளை எனக்குத் தெரியுமே என்று யாரையோ நினைத்துச் சிரிக்கவும் செய்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அடுக்ககக் கூட்டத்தில், நாலாம் மாடி இதய நோயாளிக்காகவாவது லிஃப்டைச் சரி செய்வோம், ஆளுக்குக் கொஞ்சம் போடச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று செயலாளர் கேட்டாரே, அப்போது உங்கள் கை எங்கே இருந்தது? மார்பிலா?