அலங்காநல்லூர்ப் பிரேசிலில் ஒரு வெள்ளைக்காரன்

ஆனையூர், மதுரை
ஞாயிற்றுக்கிழமை காலை

மரியாதைக்குரிய பெரிய மச்சான் பேயாண்டி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை அன்னக்கொடியின் கணவனும் ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநருமான காசிமாயன் பணிவோடு எழுதிக்கொள்வது.

திருப்பூரில் தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் பனியன் கம்பெனியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அழகரை வேண்டுகிறேன். இங்கும் எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் இடது முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. போனில் சொல்லாமல் இதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் தாங்கள் நடுவில் சிரிப்பீர்கள். இது சிரிக்கிற விஷயம் இல்லை. தாங்கள் உடனே கிளம்பி வந்து, தங்கள் மருமகள் சத்யபிரியாவுக்கு நாலு புத்தி சொல்லி, அவளைப் பழையபடி சென்னைக் கம்பெனி வேலைக்கே அனுப்பி வைக்க வேண்டும். அப்பன் பேச்சு எடுபடவில்லை. தாய்மாமன் பேச்சாவது எடுபடுகிறதா பார்ப்போம்.

அவள் வேலையை விட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியது தங்களுக்குத் தெரியும். உடம்பு சரியில்லை, ஓய்வுக்கு வந்திருக்கிறாள் என்று தங்களிடம் சொல்லியிருந்தோம். அது உண்மை இல்லை மச்சான். அவள் சினிமா எடுக்க வந்தாள். கதையைக் கேளுங்கள். லண்டனில் பாங்கியில் வேலை பார்க்கிற ஒரு வெள்ளைக்காரன், தெருவில் போகும்போது ஒரு நாள் பிரேசில் நாட்டுச் சம்பா ஆட்டத்தின் மேளச் சத்தத்தைக் கேட்டுவிடுகிறான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். வேலையை விட்டுவிட்டு சம்பா ஆட்டம் கற்றுக்கொள்ள பிரேசிலுக்கே போகிறான். போன இடத்தில் வழி கேட்டால் ஒருவன் அவனைச் சாவு வீட்டுக்கு அனுப்புகிறான், இன்னொருவன் கால்பந்து மைதானத்துக்கு அனுப்புகிறான், கடைசியில்தான் ஊர்த்திருவிழாவுக்குள் போய்ச் சேருகிறான். முழுக்க முழுக்கக் காமெடி, முழுக்கத் தமிழ் வசனம். தங்கள் தங்கை கதையைக் கேட்டுவிட்டு, “சம்பாவுக்கு எதுக்குடி அம்புட்டுத் தூரம் போறான்? சீரகச் சம்பா நம்ம மளிகைக் கடையிலயே இருக்கே” என்றாள். நான் நியாயமாக ஒரு கேள்வி கேட்டேன். “ஏம்மா, நம்ம ஆளு ஒருத்தன் போற மாதிரி எடுக்கக் கூடாதா?” அதற்கு அவள், “நம்ம ஆளு பிளைட் ஏறப் போறான்னதும் சொந்தக்காரங்க எல்லாரும் கூடித் தடுத்துருவாங்கப்பா. படம் ஏர்போர்ட்டுலயே முடிஞ்சிரும்” என்றாள். தங்களையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

பிரேசிலுக்குப் போக வசதி ஏது? அலங்காநல்லூர்ப் பக்கம் சோலை என்பவரின் தென்னந்தோப்பைப் பிரேசில் ஆக்கினார்கள். நான் அந்தத் தடத்தில் வண்டி ஓட்டிய காலத்திலிருந்து சோலை எனக்குப் பழக்கம் என்பதால், அனுமதி கேட்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெள்ளைக்காரனாக நடிக்கக் காளவாசலில் பேக்கரி வைத்திருக்கும் இம்மானுவேல் வந்தார். ஆள் நல்ல நிறம், சர்ச் நாடகங்களில் நடித்த அனுபவமும் உண்டு. தலைமுடிக்குத் தங்க நிறச் சாயம் பூசி, கோட்டு மாட்டி மத்தியான வெயிலில் நிறுத்தினார்கள். வேர்வையில் சாயம் கரைந்து நெற்றி வழியாக இறங்க, லண்டன்காரர் மஞ்சள் நீராட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி நின்றார். பிரேசில் பெண்களாக ஆட வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஆனையூரில் தங்கள் தங்கை சர்க்கரைக்காக ஜும்பா வகுப்புக்குப் போகிறாளே, அந்த வகுப்பு மொத்தமும்தான். முன்வரிசையில் நடுவில் தங்கள் தங்கை, தலையில் கோழி இறகுக் கிரீடம். கறிக்கடையில் வாங்கிச் சாயம் தோய்த்த இறகு அது. மழை பெய்த அன்று அவள் வீட்டுக்குள் வந்ததும் நான் வெளியே போய்விட்டேன்.

ஒத்திகை எல்லாம் நம் வீட்டு மொட்டை மாடியில். சாயங்காலம் ஆனால் தலைக்கு மேலே திமுதிமு என்று சத்தம். தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்க நான் அடிக்கடி மேலே போக வேண்டியிருந்தது. தொட்டி ஓரமாக நின்றதில் அந்த ஆட்டத்தின் சூட்சுமம் தானாகவே பிடிபட்டுவிட்டது. ஒன்றும் பெரிய வித்தை இல்லை மச்சான். இடது கால் கிளட்ச், வலது கால் பிரேக், இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இடுப்பை மட்டும் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். நான் ஆடிப் பார்த்தேன் என்று தங்கள் தங்கை சொன்னால் நம்ப வேண்டாம். அது கொசு விரட்டியது.

இனிதான் விபரீதம். கடைசி நாள், கடைசிக் காட்சி. திருவிழாக் கூட்டத்தில் முகமூடி போட்டுக்கொண்டு அந்த வெள்ளைக்காரன் முதல் தடவையாகத் தப்பில்லாமல் ஆட வேண்டும். படமே அதற்காகத்தான். காமிராவைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும், மேளத்துக்குப் பிடித்து வந்த கலியாண பேண்டு செட்டுக்காரர்களுக்கும் இராத்திரி வேறு ஊர்வலம் இருக்கிறது. அடி என்றாள் பிரியா. அடித்தார்கள் பாருங்கள், தோப்புக்கு அந்தப் பக்கம் கட்டிக் கிடந்த சோலையின் ஜல்லிக்கட்டுக் காளை, வாடிவாசலைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. பிரேசில் பெண்கள் எல்லாரும் டிராக்டர் டிரெய்லரில் ஏறிவிட்டார்கள். டிரம்பெட்காரர் தென்னை மரத்தில் எவ்வளவு உயரம் ஏறினார் என்றால், பிறகு அவரை இறக்க ஏணி வேண்டியிருந்தது. இம்மானுவேல் வாய்க்காலைத் தாண்டினார். நன்றாகத்தான் தாண்டினார். இறங்கியது தென்னை மட்டையின் மேல். கணுக்கால் பிசகி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. காளை யாரையும் தொடவில்லை. டிரம் பக்கத்தில் போய் நின்று அதை முகர்ந்து பார்த்தது. சோலை ஓடி வந்து பிடித்துக் கட்டிவிட்டு, “கோவிச்சுக்காதீங்க டிரைவரண்ணே. பயலுக்கு இந்த அடி ரொம்பப் புடிச்சுப்போச்சு” என்றார்.

பிரியாவைக் காணோம். தேடிப் போனால், வேனுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். “முடிஞ்சிருச்சுப்பா. நீங்க சொன்னதுதான் சரி. திங்கக்கிழமை கம்பெனிக்கு மெயில் போட்டுர்றேன். திரும்ப எடுத்துக்குவாங்க” என்றாள்.

மச்சான், அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல், அழகர்கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டு காத்திருந்த வார்த்தை. அது காதில் விழுந்ததும் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அந்தப் பிள்ளை அதைச் சொன்ன குரலை இனி ஒரு தடவை கேட்கக் கூடாது என்றுதான் தோன்றியது. அடுத்து நான் சொன்னதற்கு நான் பொறுப்பில்லை, வெயில்தான் பொறுப்பு.

“அந்த முகமூடிய எடு. கோட்டையும் கழட்டிக் கொண்டா” என்றேன்.

“எதுக்குப்பா?”

“முகந்தான் தெரியாதுல்ல. ஆட்டந்தானே வேணும்?”

“உங்களுக்கு எப்படிப்பா ஆடத் தெரியும்?”

“தொட்டி ரெம்புதான்னு பார்க்க வாரேன்ல” என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து ஓடினாள். நடந்து போகவில்லை மச்சான், சின்னப் பிள்ளை மாதிரி ஓடினாள்.

இம்மானுவேலின் கோட்டு எனக்கு வயிற்றுப் பக்கம் சேரவில்லை. ஒரு பொத்தான் தெறித்து எங்கோ போனது. கையுறை, முகமூடி, தொப்பி எல்லாம் மாட்டியதும் எனக்கே நான் யார் என்று தெரியவில்லை. மேளம் கிளம்பியது. கொஞ்ச நேரம் கால் மறந்து நின்றது நிஜம். வாய்க்கால் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த இம்மானுவேல், “மாமா, கிளட்ச்சு! கிளட்ச்சு!” என்று கத்தினார். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிப்பதற்குள் இடது கால் போய்விட்டது. அப்புறம் நான் ஓட்டவில்லை, வண்டி தானாக ஓடியது. எதிரே தங்கள் தங்கை கிரீடத்தோடு ஆடிக்கொண்டே வந்து, “நல்லாத்தான் ஆடுறீக” என்றாள். கலியாணமாகி இத்தனை காலத்தில் அவள் என்னிடம் நல்லா என்று சொன்னது அதுவே முதல் தடவை. பிரியா “கட்” என்று சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. இரண்டாவது தடவை அவளும் சொல்லவில்லை.

போன வாரம் மதுரையில் ஒரு சின்ன ஹாலில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். தங்களை அழைக்காததற்கு மன்னிக்கவும். அழைத்தால் வந்துவிடுவீர்கள் என்று பயம். ஹால் நிறைந்துவிட்டது. ஆரம்பத்திலிருந்தே சிரிப்பு. கடைசிக் காட்சியில் மட்டும் சத்தம் அடங்கிவிட்டது. அப்போது என் பின்சீட்டில் ஒருத்தர் பக்கத்து ஆளிடம், “என்னமா ஆடுறான்யா வெள்ளைக்காரன்! இவன நெசமாவே பிரேசிலுக்கு அனுப்பிப் பழக்கியிருப்பாங்க போல” என்றார். திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தங்கள் தங்கை, “என்ன, நீங்களாச் சிரிக்கிறீக?” என்றாள். பல்வலி என்றேன்.

ஆகவே மச்சான், நிலைமை இந்த அளவுக்கு முற்றிவிட்டது. பிரியா இப்போது அடுத்த கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். இராப்பகலாக ஒரே டைப் அடிக்கிற சத்தம். அவள் முகத்தில் இருக்கிற வெளிச்சத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தைரியம் போதாது. தாங்கள்தான் வந்து கண்டிப்பாக நாலு வார்த்தை சொல்லி அவளை நல்ல வழிக்குத் திருப்ப வேண்டும்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் என்ன படிக்க ஆசைப்படுகிறார்களோ அதைப் படிக்கட்டும். தங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
காசிமாயன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பிரியா மாடியிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். கேரளாவில் ஒரு திரைப்பட விழாவில் படத்தை எடுத்துக்கொண்டார்களாம். டைரக்டரோடு, கடைசிக் காட்சியில் ஆடியவரையும் கூட்டி வரச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். புதன்கிழமை ரயில். இம்மானுவேல் வழிக்கு ரஸ்க் கட்டித் தருகிறார். எனவே தாங்கள் இப்போதைக்குக் கிளம்ப வேண்டாம். அப்படியும் யாருக்காவது புத்தி சொல்லியே ஆக வேண்டுமென்றால், நான் திரும்பி வந்ததும் எனக்குச் சொல்லுங்கள். பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவளுக்கு வேலை இருக்கிறது.