வண்டூர் சைக்கிள் கப்பலேறிய வரலாறு

ஒரு சைக்கிளை விலைக்கு வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பது சாதாரண மனிதனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்துப் பேச்சு. டீ ஆறுவதற்குள் முடிவு தெரிந்துவிடும். அரசாங்கம் அப்படி அவசரப்படக் கூடாது. அரசாங்கம் யோசிக்கும்போது டீ மட்டுமல்ல, கேட்டவரும் ஆறிப்போக வேண்டும். இந்த உயரிய கொள்கையை வங்கக் கடலுக்கு நடுவே ஹேடோவில் இருக்கும் எங்கள் தீவு நீர்ப் பகிர்வு இயக்ககம் எப்படிக் கட்டிக் காத்தது என்பதை, அங்கே கோப்பு எழுதும் குமாஸ்தா என்ற முறையில் பணிவோடு சொல்கிறேன்.

பாராடாங் தீவில் ஒரு குன்றின் மேல் எங்கள் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அடிவாரத்தில் ஒரு குடியிருப்பு. தொட்டியை ஒட்டி மேலே ஒரு வால்வு, அடிவாரத்தில் இன்னொரு வால்வு. காலையில் மேல் வால்வைத் திறந்தால் குழாயில் தங்கிய சேறுதான் முதலில் வரும். அது வெளியேறுவதற்காகக் கீழ் வால்வு திறந்தே இருக்கும். சேறு போனதும் கீழ் வால்வை மூடினால்தான் நல்ல தண்ணீர் தெருக்குழாய்களுக்குத் திரும்பும். இரண்டு வால்வுக்கும் சேர்த்து எங்கள் ஆள் ஒருத்திதான், ராஜகுமாரி. பெயரில் அரண்மனை இருந்தாலும் வேலை தினக்கூலி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேற்றப்பட்ட குடும்பத்துப் பெண்.

மேலே திறந்துவிட்டு, வேரும் செம்மண் சகதியுமான காட்டுப் பாதையில் அவள் ஓடி இறங்கி வருவதற்குள் பாதித் தொட்டி கீழ் வால்வு வழியாகச் சதுப்புக் கழிக்குப் போய்விடும். கழியில் வாழும் முதலைகளுக்குத் தினந்தோறும் நல்ல தண்ணீர் வழங்கும் ஒரே அரசுத் துறை நாங்கள்தான். முதலைகள் இதுவரை புகார் எதுவும் கொடுத்ததில்லை. குடியிருப்பில் இருந்தவர்கள் கொடுத்தார்கள், ராஜகுமாரி தண்ணீரை வீணாக்குகிறாள் என்று. அவளுடையது அவ்வப்போது நீட்டித்தால்தான் உண்டு என்கிற வேலை. இன்னொரு புகார் வந்தால் நீட்டிப்பு நின்றுவிடும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

அதனால் ஒருநாள் படகுத்துறை கடந்து, காட்டுச் சாலையில் வண்டிகளைக் கூட்டமாக விடும் கான்வாயில் இடம்பிடித்து, அவளே ஹேடோவுக்கு வந்து எங்கள் இயக்குநர் முன்னால் நின்றாள்.

இயக்குநர் ரவிச்சந்திரன் மெயின்லேண்டிலிருந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெருநிலத்திலிருந்து, மாற்றலாகி வந்தவர். சைக்கிள் பித்துப் பிடித்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய சைக்கிள் ஆபீஸ் ஜீப்பின் தலைமேல் உட்கார்ந்து ஏற்றங்களைக் கடக்கும். இறக்கம் வந்ததும் ஜீப் நிற்கும், சார் உடம்போடு ஒட்டிய பச்சைச் சட்டையில் சைக்கிளில் ஏறுவார். எவ்வளவு கொழுப்பு கரைந்தது என்று அவர் கைக்கடிகாரம் சொல்லும். ஜீப்பில் எவ்வளவு டீசல் கரைந்தது என்பதை அது சொல்லாது.

"சாப், கால்ல ஓடியாந்தா நேரத்துக்கு எட்ட முடியல," என்றாள் ராஜகுமாரி. "ஒரு சைக்கிள் குடுத்தீங்கன்னா எறக்கத்துல வந்து கீழ்வால்வ மூடிருவேன். பழசா இருந்தாலும் பரவால்ல. டயரு மட்டும் தடியா இருக்கணும், வேர்ல ஏறி எறங்கணுமில்ல."

சாரின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க சொல்றது மவுண்டன் பைக்மா. உங்களுக்கு பிகினர் மாடல் சரியா இருக்கும். முன்னாடி சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக்..."

"பிரேக்கு இருந்தா போதும் சாப்."

"கண்டிப்பா பண்ணிடலாம். பை பண்றதா, ரெண்ட் பண்றதா, அது ஒண்ணுதான் கேள்வி. அதுக்கு ஒரு கமிட்டி போட்டுடலாம்."

வெளியே வந்ததும் அவள் என்னிடம் கேட்டாள். "அண்ணே, எப்ப வரும்?"

"கமிட்டி நாளைக்கே வந்துரும்மா," என்றேன். பொய் சொல்லவில்லை.

தொடக்கநிலை மலைச் சைக்கிள் கொள்முதல் அல்லது வாடகை குறித்த உயர்நிலைக் குழுவில் இயக்குநர் தலைவர், கணக்கு அதிகாரி வைஜெயந்தி மேடம் உறுப்பினர், எழுதுவதற்கு நான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பார்கள். மேடம் அந்தப் பூசாரி. ஆனால் நேர்மையானவர். தனக்குக்கூட வரம் கொடுக்க மாட்டார்.

"வாடகைன்னா திருப்பிக் குடுக்கணும்," என்று ஆரம்பித்தார் மேடம். "வாடகைக்குக் கிடைக்கிறது வண்டூர்ல. தண்ணி விடறது பாராடாங்ல. தினமும் வண்டூர்ல எடுத்து, கான்வாய்ல ஏத்தி, பாராடாங்ல ஓட்டி, ராத்திரிக்குள்ள வண்டூர்ல விடணும்."

"அப்ப வாங்கிடலாம் மேடம்," என்றார் சார்.

"ஓட்டிப் பாக்காம வாங்கினா ஆடிட்ல கேப்பாங்க சார்."

"சரி, ஓட்டிப் பாத்துட்டு வாங்குவோம்."

"ஓட்டிப் பாக்கணும்னா நம்மகிட்ட சைக்கிள் இருக்கணுமே. அதுக்கு முதல்ல வாடகைக்கு எடுக்கணும்."

ஆகவே வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்று முடிவு செய்ய, முதலில் வாடகைக்கு எடுப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. யார் ஓட்டிப் பார்ப்பது என்பதுதான் பாக்கி. ராஜகுமாரியையே கூப்பிடலாம் என்றேன் நான். அவளுக்கு ஏற்கெனவே சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று மேடம் கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் அவள் தொடக்கநிலையில் இல்லை, தொடக்கநிலைச் சைக்கிளைச் சோதிக்க அவளுக்குத் தகுதி இல்லை என்றார் மேடம். சைக்கிளே தெரியாதவர்கள் குழுவில் இரண்டு பேர் இருந்தோம், மேடமும் நானும். எங்கள் அறியாமை ஒரு தகுதியாக ஏற்கப்பட்டது இது முதல் முறை அல்ல.

வண்டூரில் ஜெகநாதன் என்பவர் சுற்றுலாப் பயணிகளுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார். அவருடைய நீலநிற மலைச் சைக்கிளைக் கடற்கரை ஓரச் சாலையில் சோதித்தோம். மேடம் உட்கார, இரண்டு படகுக்காரர்கள் இருபுறமும் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய்க் கொண்டுவந்து விட்டார்கள். நான் தனியாக ஓட்டி, கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகில் முட்டிக்கொண்டேன். குன்றே இல்லாத இடத்தில் மலைச் சைக்கிளைச் சோதித்தால் போதுமா என்று முழங்காலைத் துடைத்தபடி கேட்டேன்.

"சமதரையிலயே விழறீங்க, குன்று எதுக்கு?" என்றார் மேடம். பிறகு எல்லோரும் வறுத்த மீன் சாப்பிட்டோம். சோதனை திருப்திகரமாக முடிந்தது.

சோதித்தது அந்த நீலச் சைக்கிளைத்தான் என்பதால் அதையேதான் வாங்க வேண்டும், வேறு சைக்கிள் என்றால் மறுபடி சோதனை என்றார் மேடம். ஜெகநாதனும் விற்கத் தயார். அன்றைக்கே பாராடாங்குக்கு ஏற்றியனுப்பி இருக்கலாம். அங்கேதான் எங்கள் இயக்ககத்தின் புனிதமான விதி குறுக்கே வந்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த பொருளை மட்டுமே நாங்கள் இருப்பில் சேர்ப்போம். இதில் விதி எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. வெங்காயத்திலிருந்து சிமெண்ட் வரை இந்தத் தீவில் எல்லாம் கப்பலில்தான் வருகிறது, கப்பல் வராத வாரத்தில் கடைக்காரர் நம் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். கப்பலில் வராதது பொருளே இல்லை என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

"க்யா மேடம், சைக்கிள் இங்கதானே நிக்குது?" என்றார் ஜெகநாதன்.

"நிக்குது. ஆனா வந்து சேரலையே."

"எங்கருந்து?"

"மெயின்லேண்ட்லருந்து."

"அது நான் வாங்கறப்பவே வந்துருச்சு மேடம். பக்கா."

"அது உங்களுக்கு வந்தது. எங்களுக்கு இன்னும் வரல."

ஜெகநாதன் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அடுத்த வாரம் ஹேடோ துறைமுகத்தில் அந்தச் சைக்கிள் சென்னைக்குக் கப்பலேறியது, சென்னையிலிருந்து எங்களுக்கு வந்து சேருவதற்காக. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வங்கக் கடலைச் சுற்றித் தொட்டவர்கள் நாங்கள்தான்.

சைக்கிள் போனது போனதுதான். திரும்பி வர முதலில் கப்பலில் இடமில்லை, பிறகு இடமிருந்தது, கப்பல் இல்லை. அதற்குள் கோடை முற்றிவிட்டது. தொட்டியிலேயே தண்ணீர் குறைச்சல், அதிலும் பாதி முதலைக்கு. ராஜகுமாரி போன் செய்தாள்.

"அண்ணே, பொம்பளைங்க கொடத்தத் தூக்கிட்டு என் வாசல்லயே வந்து நிக்குதுக. இன்னொரு பெட்டிசன் எழுதப் போறாங்களாம். எனக்கு இத விட்டா வேற வேல கெடையாதுண்ணே. சைக்கிளு எங்க இருக்கு?"

"கடல்ல இருக்கும்மா."

"கடல்ல சைக்கிளுக்கு என்னண்ணே வேல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைக் கோப்பில் எழுத இடமில்லாததால் எழுதவில்லை.

அரசு யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சில சமயம் ஜனங்களும் யோசித்துவிடுகிறார்கள். இது வருந்தத்தக்கது. கீழ் வால்வுக்குப் பக்கத்து வீட்டில் சொர்ணம்மா என்று ஒரு அம்மாள் இருக்கிறார். வாசலில் குடத்தோடு நின்றவர்களில் அவர்தான் முதல் ஆள். ராஜகுமாரி அவரோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். மேல் வால்வைத் திறந்ததும் இரும்புக் குழாயில் ஒரு கல்லால் தட்டுவாள். சத்தம் குழாய் வழியே அடிவாரம் வரை கேட்கும். சொர்ணம்மா வெளியே வந்து, சேறு போனதும் கீழ் வால்வை மூடிவிடுவார். ஒரு சொட்டு வீணாகவில்லை. அரசுக்கு ஆன செலவு ஒரு கல். அதுவும் அரசுக் கல் இல்லை.

தண்ணீர் இழப்பு குறைந்துவிட்டது என்று மாத அறிக்கையில் வந்தது. சைக்கிள் கோப்பு திறந்த பிறகுதான் குறைந்தது. ஆகவே சைக்கிளால்தான் குறைந்தது.

"சார், சைக்கிள் இன்னும் கப்பல்லயே இருக்கு," என்று ஞாபகப்படுத்தினேன்.

"அதைத்தான் சொல்றேன்," என்றார் சார். "வர்றதுக்கு முன்னாடியே இவ்ளோ இம்பேக்ட்."

ஒருவழியாகச் சைக்கிள் வந்து சேர்ந்தது. உப்புக் காற்றில் சங்கிலி துருப்பிடித்திருந்தாலும் மாலை போட்டு வரவேற்றோம். பாராடாங்கில் அதை நிறுத்த ஷெட் இல்லை, ஷெட் இல்லாத இடத்துக்கு அரசுச் சொத்தை அனுப்பக் கூடாது என்று மேடம் சொன்னதால் அது ஆபீஸ் கூடத்திலேயே பிளாஸ்டிக் உறை மாட்டி நிறுத்தப்பட்டது. அதைப் பார்த்துப் பார்த்து ஆபீஸில் ஆளாளுக்கு ஒரு மலைச் சைக்கிள் வாங்கினார்கள். இப்போது குவார்ட்டர்ஸ் பால்கனிகளில் துண்டு காயப்போட வசதியாக இருக்கிறது. என் வீட்டில் ஹேண்டில்பாரில் துண்டும் சீட்டில் வடகமும் காய்கின்றன.

அப்போதுதான் மெயின்லேண்டிலிருந்து செய்தி வந்தது. சைக்கிளால் தண்ணீரைச் சேமித்த எங்கள் சாதனைக்கு விருது கொடுப்பதாக இருக்கிறார்கள், ராஜகுமாரி சைக்கிள் ஓட்டி வால்வை மூடுவதை நேரில் பார்க்கத் தேர்வுக் குழு வருகிறது. கூடத்துச் சைக்கிளை ஷெட் இல்லாமல் அனுப்ப மேடம் ஒப்பவில்லை. ஆகவே ஜெகநாதனிடம் வேறொரு சைக்கிளை ஒருநாள் வாடகைக்கு எடுத்தோம். வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்விக்கு இரண்டும் என்று இவ்வாறு இறுதி விடை கிடைத்தது.

விழா நாளில் குடியிருப்பே அடிவாரத்தில் கூடியிருந்தது. சொர்ணம்மா பட்டுச்சேலையில் முன்வரிசையில் நின்றார். அன்றைக்குக் கல் தட்ட வேண்டாம், சைக்கிள் இருக்கிறதே என்று சார் உத்தரவு. ராஜகுமாரி மேல் வால்வைத் திறந்துவிட்டு, வேர்களின் மேல் துள்ளித் துள்ளி இறங்கி வந்தாள். எத்தனையோ நாள் அவள் கேட்டது சரிதான் என்பது அப்போது தெரிந்தது. சேறு முழுக்க வெளியேறுவதற்கு முன்பே வால்வுப் பக்கம் வந்துவிட்டாள்.

"மேடம், நிக்காதீங்க," என்றார் போட்டோக்காரர் ராஜகுமாரியிடம். "வால்வைத் தாண்டி வாங்க. இன்னொரு தடவை மேல இருந்து."

"சாப், வால்வ மூடிட்டு வந்துர்றேன்," என்றாள் அவள் இயக்குநரிடம்.

"வால்வு எங்கயும் போயிடாதும்மா. லைட் போயிடும்."

அவள் மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். பிறகு தேர்வுக் குழுவினர் ஒவ்வொருவராகச் சைக்கிளில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வால்வு நோக்கி நகர்ந்த ராஜகுமாரியைச் சார் தோளில் கைவைத்து நிறுத்தி ஒரு படத்துக்குச் சிரிக்கச் சொன்னார். நல்ல தண்ணீர் கழியில் விழும் சத்தம் பலமாகவே இருந்தது. நாங்கள் தட்டிய கைத்தட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. சொர்ணம்மாதான் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார்.

தொட்டி காலியாகிவிட்டது. மறுநாள் தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. குடியிருப்பு மக்கள் கையெழுத்திட்ட புகார் எங்களுக்கு வந்தது. முதல் கையெழுத்து சொர்ணம்மாவுடையது.

புகார் மீது உடனே நடவடிக்கை எடுத்தோம். இயக்ககத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக எந்தக் கோப்பும் நகர்ந்ததில்லை. "சைக்கிள் வழங்கப்பட்டிருந்தும் கீழ் வால்வை உரிய நேரத்தில் மூடாததற்கு விளக்கம் அளிக்கவும். விளக்கம் ஏற்கப்படும்வரை பணி நீட்டிப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று ராஜகுமாரிக்குக் கடிதம். அடித்தது நான்தான்.

கடிதம் கிடைத்ததும் போன் செய்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அண்ணே, அன்னிக்கு நீங்களும் அங்கதான நின்னீங்க?"

"நின்னேன்மா."

"கைதட்டினீங்க."

"தட்டினேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். கைதட்டியவர்களிடம் விளக்கம் கேட்க எங்கள் விதிகளில் இடமில்லை. இருந்திருந்தால் அந்தக் குடியிருப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் அடித்திருப்பேன். எனக்கும் ஒன்று அடித்திருப்பேன்.