கணுக்கால் சுளுக்குத் தேர்வு

நோய்க்குச் சரியான பெயரைச் சொல்லிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. மீதிப் பாதியை நோயாளி பார்த்துக்கொள்வார். மருத்துவ உலகின் இந்த மாபெரும் உண்மையை எனக்குக் கற்பித்தது, ஓர் அச்சகத்துக்கு மேலே மூன்றாம் மாடியில் நடக்கும் எங்கள் மாலை வகுப்பு. 'அவசரச் சிகிச்சைப் பணியாளர்களுக்கான அடிப்படை மருத்துவக் கலைச்சொற்கள்' என்பது அதன் பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவசரமே தீர்ந்துவிடும் என்று சிலர் கேலி செய்வார்கள். இடம் கிடைக்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

எங்கள் ஆசிரியர் ஒரு ஞானி. எந்த வியாதியையும் முன்னொட்டு, வேர்ச்சொல், பின்னொட்டு என்று வெட்டிக் கரும்பலகையில் காயப்போட்டுவிடுவார். 'முன்னொட்டு சார்' என்றுதான் அவரைச் சொல்வோம். அவர் வகுப்பில் 'வலி' என்று தமிழில் சொன்னவர் எழுந்து நிற்க வேண்டும். நான் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் படித்தேன்.

இறுதித் தேர்வுக்கு ஆளுக்கொரு 'நோயாளி'யைக் கூட்டிவர வேண்டும். வீட்டு மனிதர்கள் போதும். நோயை நிறுவனமே ஒதுக்கித் தரும். எனக்குக் கிடைத்தது கணுக்கால் சுளுக்கு. தையல்கடை வைத்திருக்கும் அத்தையிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினேன். எந்தக் கால், எப்போது நொண்ட வேண்டும், எந்த இடத்தில் "ஐயோ" வர வேண்டும் என்று வரிசைப்படி சொல்லிக் கொடுத்தேன். சரியாகச் சொல்லிக் கொடுத்தேனா என்ற சந்தேகத்தில் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

"இதுக்கு நிஜமாவே காலை ஒடைச்சுக்கலாம் போலிருக்கேடா," என்றாள் அத்தை.

தேர்வன்று மின்தூக்கி ஓடவில்லை. அத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் நொண்டவே இல்லை. மதிப்பெண் போய்விடுமே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

மேசைக்குப் பின்னால் முன்னொட்டு சாரும், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாவும் அமர்ந்திருந்தார்கள்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்றார் தேர்வாளர்.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்த அத்தை, "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குங்க," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குனிந்து, "அத்தை, கணுக்கால்!" என்று கிசுகிசுத்தேன்.

"கணுக்காலுக்கு ஒண்ணும் இல்லடா. வேர்த்துக் கொட்டுது பாரு."

"டையாஃபோரிசிஸ்," என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"சபாஷ்!" என்றார் முன்னொட்டு சார்.

"மூச்சு வாங்குது."

"டிஸ்ப்னியா."

"வயித்தைப் பொரட்டுது."

"நாஷியா!"

தேர்வாளர் பேனாவை மூடிவைத்துவிட்டு ரசிக்கத் தொடங்கினார். "எங்க பிடிச்சீங்க இந்தம்மாவை? மூஞ்சி கூட வெளுத்துப்போற மாதிரி பண்றாங்களே! போன தடவை ஒருத்தர் மாரடைப்புக்குத் தும்மினார் சார்."

"இடது கை கனக்குது," என்றாள் அத்தை. "தாடை வரைக்கும் இழுக்குது."

"தாடைன்னா மாண்டிபிள்," என்றார் முன்னொட்டு சார்.

"கீழ்த்தாடைதான் சார் மாண்டிபிள். மேல்தாடை மாக்ஸில்லா," என்று திருத்தினார் தேர்வாளர். "ஏம்மா, மேலயா கீழயா?"

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயா, இதெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து வந்தா என்னங்க அர்த்தம்?"

முன்னொட்டு சார் பரிவோடு முன்னால் சாய்ந்தார். "சேர்த்துப் பார்க்கறது அடுத்த செமஸ்டர்மா. இது வெறும் அடிப்படைதான்."

அத்தை நடிக்கவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் சந்தேகங்கள் எப்போதும் தவறாகவே இருக்கும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. எனவே அடுத்த கலைச்சொல்லுக்குத் தயாரானேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"டேய், நான் நடிக்கலடா."

இந்த வசனத்தையும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அண்ணே, வண்டி!" என்று கத்தினேன். ஆம்புலன்ஸ் ஓட்டும் அண்ணன் ஒருவர் பதவி உயர்வுக்காக எங்களோடு படித்தார். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுத் தன் முறைக்காகக் காத்திருந்தவர், எழுந்தார், உடனே உட்கார்ந்தார்.

"அழைப்பு வராம வண்டிய எடுத்தா மெமோ குடுத்துடுவாங்க தம்பி."

அவசர ஊர்தி எண்ணை அழுத்தினேன். அண்ணனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"வணக்கம், அவசர ஊர்தி. எங்கேருந்து பேசறீங்க?"

"உங்க பக்கத்துலேர்ந்துண்ணே!"

"பக்கத்துலன்னா... ஏதாவது அடையாளம் சொல்லுங்க."

அத்தை போனைப் பிடுங்கினாள். "நீலப் புடவை. செத்துக்கிட்டிருக்கா. போதுமா?"

போதுமானதாக இருந்தது. நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மருத்துவமனை வாசலில் நர்ஸ் என்ன என்று கேட்டதும், நான் எல்லாச் சொற்களையும் பின்னொட்டு பிசகாமல் வரிசையாக ஒப்பித்தேன். அவர் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு அத்தையிடம் குனிந்தார்.

"நெஞ்சு வலிம்மா," என்றாள் அத்தை.

மறுகணம் கட்டில் உருண்டோடி வந்தது. 'வலி' என்று சொன்னதற்காக அவளை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அடைப்பை நீக்கினார்கள். அத்தை பிழைத்தாள்.

நம் கல்வி நிறுவனங்கள் நன்றி மறப்பதில்லை. முன்னொட்டு சாரே பூங்கொத்தோடு வார்டுக்கு வந்தார். அத்தைக்குச் 'சிறந்த நோயாளி' சான்றிதழ். எனக்கு முதல் வகுப்பு. ஆம்புலன்ஸ் பணிக்கான பரிந்துரைக் கடிதமும் கையோடு தந்தார். அவர் போன பிறகு அத்தை சான்றிதழையும் கடிதத்தையும் நிதானமாகப் படித்துப் பார்த்தாள்.

"உன்னை எந்த ஏரியா வண்டிலடா போடப்போறாங்க?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னும் தெரியல அத்தை. ஏன் கேக்கறீங்க?"

"தெரிஞ்சதும் மொதல்ல எனக்குச் சொல்லு," என்றாள். "அந்தப் பக்கம் போய் விழுந்துடாம பார்த்துக்கறேன்."