பதிவேட்டில் இருந்த விரிசல்

துப்பாக்கி சுடுவதற்காகச் செய்யப்பட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், நீங்களும் நம்ம ராமையாவும் ஒரே பெஞ்சு. எண்பத்தஞ்சு வாக்கில் துபாயில் துப்பாக்கி என்பது, வீட்டுக்கு வருகிறவர்கள் வாய் பிளப்பதற்காகச் சுவரில் மாட்டுகிற சாமான். அதிலும் புதுசுக்கு மரியாதை கிடையாது. என்றைக்கோ நடந்த யுத்தத்தில் எவனோ ஒரு சிப்பாய் சேற்றில் போட்டு, பாறையில் முட்டி, எண்ணெய்ப் பிசுக்கேற்றி விட்டுப்போனதுதான் உசத்தி. குழலை ஈயம் ஊற்றி அடைத்திருப்பார்கள். அதை வைத்து ஒரு கொசுவைக்கூட மிரட்ட முடியாது.

ராமையா மானாமதுரைப் பக்கத்துத் தச்சன். துபாய் சத்வாவில் ஒரு மரப்பட்டறையில் வேலை. அவன் பாலிஷ் போட்ட மேசையைப் பார்த்து மீசை கத்தரிக்கலாம். "என் பாலிஷ் கையில ஒட்டுச்சுன்னா நான் உளியத் தொடுறதில்ல" என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவான்.

மூணு வருஷம் முடிந்து லீவு கிடைத்திருந்தது. வியாழக்கிழமை பிளேன். ஞாயிற்றுக்கிழமை மகள் பஞ்சவர்ணத்துக்குக் காதுகுத்து. இவன் வந்தபிறகு பிறந்த பிள்ளை. தகப்பனைப் போட்டோவில்தான் தெரியும்.

ஊருக்குப் போகிறவனை வந்தபடியே அனுப்புகிற வழக்கம் எந்த ரூமிலும் இல்லை. போன வருஷக் கறுப்பெல்லாம் சுரண்டி, புது ஆளாக்கித்தான் விமானம் ஏற்றுவார்கள். ராமையாவுக்கும் தலைக்கு டை, சபாரி சூட், கூலிங் கிளாஸ், பளபளவென்று ஒரு கறுப்பு ஷூ, அதற்கு ஒரு டப்பா பாலிஷ். "கன்னத்துல என்னண்ணே மிளகாட்டம்? துபாய் ரிட்டர்ன் மூஞ்சி மாதிரியா இருக்கு?" என்றான் அடுத்த கட்டில் முத்துராமன். ஒரு டாக்டரிடம் போய், கரண்டு வைத்து அந்த மச்சத்தையும் எடுத்தாயிற்று. இடம் தெரியாமல் ஆறிவிட்டது.

அதற்கு மறுவாரம் நாகவள்ளியின் கடிதம் வந்தது. 'பாப்பாவிடம் அப்பா எங்கே என்று கேட்டால் போட்டோவில் உங்கள் மச்சத்தைத்தான் விரல் வைத்துக் காட்டுகிறாள்.' ராமையா கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

இந்தச் சமயத்தில்தான் பட்டறை முதலாளியான அர்பாப் தன் துப்பாக்கியை அனுப்பினார். பின்பக்க மரக்கட்டை, கை பிடிக்கிற மெலிந்த இடத்தில் விரிசல் விட்டு ஆடியது. ஆடாமல் பண்ண வேண்டும். அவ்வளவுதான் உத்தரவு.

அவ்வளவோடு நிறுத்துகிறவன் தச்சனா? ராமையா விரிசலுக்குள் பசை விட்டு, மர ஆணி அடித்து, கிளாம்பு போட்டு இறுக்கினான். ஆட்டம் நின்றது. பிறகு பார்த்தால் கட்டை முழுக்கக் கீறல். ஒரு பக்கம் சுட்ட தழும்பு. நடுவில் யாரோ கத்தியால் ஏழு கோடு வேறு போட்டிருந்தான். சே, இப்படியா அர்பாப் வீட்டுக்கு அனுப்புவது? கீறல்களை மரத்தூள் மக்கு வைத்து அடைத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். ஆறு கை பாலிஷ்.

ஃபோர்மேன் லுக்மான் பார்த்துவிட்டு, "யோவ், துப்பாக்கியா கல்யாணப் பொண்ணாய்யா இது!" என்றார். கீழக்கரைக்காரர். ராமையா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை அர்பாப் வந்தார். பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு அரபியில் என்னமோ சொன்னார்.

"என்ன பாய் சொல்றாரு?"

"என் துப்பாக்கி எங்கேங்குறார்."

"இதுதான்னு சொல்லுங்க."

லுக்மான் சொன்னார். பதிலைக் கேட்டுத் தொண்டையைக் கனைத்தார். "இது சோபா காலுங்குறார்."

அழகு போனது பாதி வருத்தம். மீதி வருத்தம் சர்க்கார் சம்பந்தப்பட்டது. பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருதரம் அதைக் கொண்டுபோய்ப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து முத்திரை வாங்க வேண்டும். கடைசி நாள் புதன்கிழமை. "முத்திரை விழாம உன் பாஸ்போர்ட் அர்பாப் பெட்டியை விட்டு வெளிய வராதாம். கலாஸ், அவ்வளவுதான்" என்று முடித்தார் லுக்மான்.

செவ்வாய்க்கிழமை துப்பாக்கிப் பதிவு அலுவலகத்தில் பதிவேட்டைப் பிரித்து உட்கார்ந்திருந்தவர் இராஜரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர். தமிழர் என்றதும் ராமையாவுக்கு உயிர் வந்தது. அவசரப்பட்டு வந்துவிட்டது.

"இலக்கம் சரி. நீளம் சரி. வலப்பக்கம் நாலு அங்குல விரிசல் எண்டு எழுதிக் கிடக்கு. எங்க விரிசல்?"

"ஒட்டிட்டேன் சார்."

"ஒட்டின இடத்தைக் காட்டும்."

"தெரியாம ஒட்டிருக்கேன் சார்."

"அப்ப எனக்கும் தெரியாது. இது வேற துவக்கு" என்று துப்பாக்கியைத் திருப்பித் தள்ளினார்.

"இரும்புல நம்பர் இருக்கே சார்!"

"இரும்பு எல்லாத் துவக்கிலயும் ஒரே மாதிரித்தான் ஐசே. அடையாளம் மரத்திலதான் கிடக்கு. ஏழு வெட்டு, ஒரு சுட்ட தழும்பு. நான் பாத்து என்ர கையால எழுதினது."

"ரிப்பேர் பண்ணினோம்னு எழுதிக்குங்க சார்."

"அதுக்குப் படிவம் இருக்கு. பழுதான பொருளைக் கொண்டந்து காட்டினாத்தான் குடுப்பம். இது பழுதில்லையே."

"இப்ப நான் என்ன சார் செய்யணும்?"

"பழுதாக்கிக் கொண்டு வாரும்" என்றார் இராஜரத்தினம், மிகுந்த கருணையோடு.

ராமையா பட்டறைக்கு வந்து, தான் பெற்ற பிள்ளையைப் போல இருந்த அந்தக் கட்டையை மேசை விளிம்பில் வைத்து அடித்தான். பசை நல்ல பசை. ஒட்டிய இடம் விடவில்லை. பக்கத்து மரம் பிளந்தது. புதன்கிழமை கதவு திறந்ததும் கொண்டுபோய்க் காட்டினான்.

இராஜரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது இடப்பக்கம் எல்லோ வெடிச்சிருக்கு. அப்ப இது மூண்டாவது துவக்கு."

"மூணாவதா?"

"பதிவில இருக்கிறது ஒண்டு, அதைக் காணேல்லை. நேத்துக் கொண்டந்தது ஒண்டு, அதுக்குப் பதிவு இல்லை. இண்டைக்கு இன்னொண்டு. உம்மட முதலாளி ஒரு துவக்கைத் துலைச்சுப்போட்டு, ரெண்டு துவக்கு ஒளிச்சு வச்சிருக்கிறார். பாரதூரமான விசயம்."

பிளேனுக்கு ஒரு நாள் இருந்தது. ராமையா பட்டறைக்கு ஓடினான். புது வெடிப்பை ஒட்டினான். வலப்பக்கம் மெல்லிய ரம்பத்தால் நாலு அங்குலத்துக்கு ஒரு கோடு இழுத்தான். ஏழு வெட்டு வெட்டினான். சிகரெட்டால் சுட்டான். பாலிஷைச் சுரண்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் கட்டன்சாயாவை ஊற்றி, மேலே தன் புது ஷூவுக்கு வாங்கிய கறுப்பு பாலிஷை விரலால் ஈஷினான்.

"என்னய்யா இது, நல்லா இருந்ததக் கெடுக்குறே?" என்றார் லுக்மான்.

"நாந்தான் பாய் கெடுத்தேன். இப்பத்தான் ரிப்பேர் பண்றேன்."

அன்றைக்கே அலுவலகம் மூடுவதற்குள் மறுபடி கொண்டுபோனான். இராஜரத்தினம் ஸ்கேலை வைத்து விரிசலை அளந்தார். வெட்டுகளை எண்ணினார். முகம் மலர்ந்தது. "ஓம், இதுதான் அந்தத் துவக்கு. சத்தியமா அசல்." முத்திரை விழுந்தது. "இஞ்ச பாரும், இனிமே ஒண்டையும் திருத்தாதையும்."

பாஸ்போர்ட் பெட்டியை விட்டு வெளியே வந்தது. வியாழக்கிழமை பிளேன் ஏறிவிட்டான்.

மெட்ராஸ் ஏர்போர்ட். ராமையா கூலிங் கிளாஸைக் கழற்றி, பாஸ்போர்ட்டை நீட்டினான். அதிகாரி அதைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

"அடையாளம், இடது கன்னத்தில் மச்சம்னு போட்டிருக்கு. எங்கே?"

"எடுத்துட்டேன் சார்."

"எடுத்த இடத்தைக் காட்டு."

வேறொருவனாயிருந்தால் வாதாடியிருப்பான். ராமையாவுக்கு இதில் பயிற்சி இருந்தது. "ஒரு நிமிஷம் சார்" என்று ஒதுங்கி, கைப்பையிலிருந்து ஷூ பாலிஷ் டப்பாவை எடுத்தான். கண்ணாடித் தடுப்பில் முகம் பார்த்து, மிளகளவுக்கு ஒரு பொட்டு வைத்தான். ஒரு பக்கம் கொஞ்சம் சப்பையாக்கினான். பழைய மச்சம் அப்படித்தான் இருந்தது.

அதிகாரி தன் கண்ணெதிரே வைத்த மச்சத்தைப் பதிவோடு ஒத்துப்பார்த்தார். "ம்... ஆள் சரிதான்." முத்திரை.

நகர்வதற்குள் பின்னாலிருந்து சபாரி சூட்டை ஒருவன் இழுத்தான். "அண்ணே, எனக்கு நெத்தியில வெட்டுத் தழும்புன்னு இருக்கு. க்ரீம் போட்டு மறைஞ்சுபோச்சு. கொஞ்சம் பாத்துச் செய்யுங்கண்ணே." அவனுக்குப் பின்னால் தாடையில் மச்சம். அதற்குப் பின்னால் புருவத்தில் பிளவு. வரிசையில் பதினோரு பேர். சபாரி, செண்டு, கூலிங் கிளாஸ் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அடையாளம்தான் ஒருத்தனிடமும் இல்லை. பதினோரு பேரையும் பழுதாக்கி அனுப்பும்போது டப்பாவின் அடி தெரிந்தது.

வெளியே வேன் பிடித்து நாகவள்ளி வந்திருந்தாள். இடுப்பிலிருந்த பஞ்சவர்ணம் சபாரி சூட்டையும் கூலிங் கிளாஸையும் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. ராமையா கன்னத்தைக் காட்டினான். பிள்ளை எட்டிப் பார்த்து, மச்சத்தில் விரல் வைத்து, "அப்பா" என்றது.

பிறகு விரலைப் பார்த்தது. கறுப்பு. அதை அப்பாவின் புதுச் சபாரி சூட்டில் நன்றாகத் துடைத்தது.

ராமையா திரும்பிப் பார்த்தான். பதினோரு வேன்களின் பக்கத்திலும் பிள்ளைகள் அதையேதான் செய்துகொண்டிருந்தன.