பீச் மரமும் பள்ளிக்கூட சாக்ஸும்

அன்புள்ள மாமாவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் குப்புறப் படுத்தபடி உங்கள் மருமகள் எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமா? நான் நலமாக இல்லை, நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கொடுத்த பீச் மரத்தை ஞாயிற்றுக்கிழமை வெட்டப் போகிறார்கள். அங்கே கார் ஷெட் வரப்போகிறதாம். "உன் தம்பி வீட்டு மரம் பூத்துக் குலுங்குது, நமக்குக் குடுத்தது மட்டும் கட்டையா நிக்குது" என்று அப்பா அம்மாவிடம் கத்தினார். பூமொட்டு போன கோடையிலேயே கிளையில் உருவாகிவிடும், பிறகு தூங்கும், போதுமான குளிர் பட்டால்தான் வெயில் வந்ததும் விழிக்கும் என்று போனில் சொன்னீர்கள். எனக்குத் தலை சுற்றுகிறது. குளிரடித்தால் நான் இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவேனே, மொட்டு மட்டும் எப்படி எழுந்திருக்கும்? எங்கள் ஊரைவிடச் சூடான ஊரில் பெரியம்மா வீட்டு மரம் உங்கள் மரத்துக்கும் முன்பே பூத்துவிட்டது. கேட்டால், அது கொஞ்சம் குளிரே போதும் என்கிற ரகம் என்கிறீர்கள். அந்த ரகத்தையே எங்களுக்கும் கொடுத்திருக்கலாமே மாமா? "தூங்கக் குளிரு, எழுந்திரிக்க வெயிலு! இது மரமா, புது மாப்பிள்ளையா?" என்கிறார் அப்பா.

அதனால் தினமும் ராத்திரி ஐஸ் கட்டிகளை என் பள்ளிக்கூட சாக்ஸில் போட்டுக் கிளையில் கட்டுகிறேன், விடிவதற்குள் அவிழ்த்துவிடுகிறேன். தோட்டம் ஈரமாகவே இருப்பதைப் பார்த்த அம்மா பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் பாதித் தோட்டத்தைத் தோண்டிவிட்டு, "கசிவே இல்லம்மா, ஆனா மண்ணு மட்டும் ஜில்லுனு இருக்கு" என்று பயந்துபோய்க் கிளம்பினார். அதைவிடப் பயம் என்னவென்றால், ஃப்ரிட்ஜில் இருக்கும் இரண்டு ஐஸ் தட்டுகளில் நான் எடுப்பது ஒன்றுதான், காலையில் இரண்டுமே காலி. பேய் ஐஸ் தின்னுமா மாமா?

உடனே அப்பாவுக்குப் போன் செய்து, அடுத்த குளிர்காலம் வரை பொறுக்கச் சொல்லுங்கள். என் பெயரை எடுக்காதீர்கள்.

அத்தைக்கு அன்பு, குட்டிப் பயலுக்கு முத்தம், உங்கள் மரத்துக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
ஈர சாக்ஸோடு பள்ளிக்கூடம் போகும் மருமகள்

பின்குறிப்பு: தோட்டத்தில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பேய் இல்லை, அப்பா! என் சாக்ஸுக்குப் பக்கத்தில் தன் ஆபீஸ் சாக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார். தினமும் நான் வருவதற்கு முன்பே அவிழ்த்துவிடுவாராம்.

"என்ன முழிக்கிற? உன் சாக்ஸ் ஓட்டை, ஐஸெல்லாம் கீழ விழுது. அம்மாகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா, என் தம்பி குடுத்த மரத்துக்கா இந்தப் பாடுன்னு என்னை ஓட்டியே கொன்னுடுவா."

"ஞாயித்துக்கிழமை வெட்டறது?"

"அந்த ஆள அடுத்த வருஷம் வான்னு சொல்லிட்டேன், போ."

ஆகவே மாமா, போன் செய்ய வேண்டாம். உங்கள் குளிர் ஊரில் கிடைக்கும் தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி மட்டும் அனுப்புங்கள். ஒன்று அப்பா அளவு.