ஆவி சாரும் ஆவியான மூன்றாம் வகுப்பும்

பட்டப்பகலில் ஒரு வகுப்பு முழுவதையும் ஆவியாக்கிய வாத்தியார் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான். அவரோடு ஆறு வருஷம் வேலை பார்த்த பாக்கியம் எனக்குக் கிடைத்தது. காணைக்குப் பக்கத்தில் எங்கள் தொடக்கப் பள்ளி. ஆசிரியர்கள் மொத்தமே இரண்டு பேர். தலைமை ஆசிரியை நான். இன்னொருவர் ஆவி சார்.

மூன்றாம் வகுப்புக்குத் திடம், திரவம், வாயு நடத்த அவருக்கு மூன்று வாரம் வேண்டும். மற்ற பாடமெல்லாம் அதற்கு முன்னுரை. பிள்ளைகள் வீட்டுக்குப் போய், சார் இன்றைக்கு ஆவி காட்டினார் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளே ஒரு தாய், தூக்கத்தில் உளறும் மகனைக் கூட்டிவந்து கயிறு மந்திரித்துத் தரச் சொன்னார். சார் கோபப்படவில்லை. அந்தம்மாவை உட்காரவைத்து, கொதிக்கும் பாத்திரத்தின் மேல் தட்டைப் பிடித்து, நீர் எப்படி ஆவியாகிறது, ஆவி எப்படித் திரும்ப நீராகிறது என்று அரை மணி நேரம் விளக்கினார். அந்தம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு தட்டில் சேர்ந்த தண்ணீரை மகன் தலையில் தெளித்துவிட்டு நிம்மதியாகப் போனார்.

ஐஸ் கட்டியைத் துணிப்பையில் போட்டு விழுப்புரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கொண்டுவருவார். காணை வருவதற்குள் அது பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியில் இறங்கியிருக்கும். சார் சளைக்க மாட்டார். ஈரப் பையைப் பிள்ளைகளிடம் விரித்துக் காட்டி, "தோ பாருங்க, திடம் பஸ்லயே எறங்கிடுச்சி" என்பார்.

வாயு பரவுவதைக் காட்ட ஒருநாள் வகுப்பு மூலையில் மரக்காணம் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். வாசனை எட்டியதும் கை தூக்க வேண்டும். முன்வரிசை தூக்கியது, நடுவரிசை தூக்கியது, கடைசி வரிசையும் தூக்கியது. பக்கத்து அறையில் நானும் தூக்கினேன். அதற்குப் பிறகு பூனைகள் வந்தன.

கல்வி அலுவலர் பள்ளியைப் பார்வையிட வந்த அன்று சார் பிள்ளைகளையே துகளாக்கியிருந்தார். திடம் என்றால் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். திரவம் என்றால் கொஞ்சம் தளர்ந்து நகரலாம். வாயு என்றால் இடம் இருக்கும்வரை போகலாம். சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது அவர் நினைவில் இல்லை.

அலுவலர் உள்ளே நுழைந்தபோது வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை. பசங்க எங்கே என்று கேட்டார்.

சார் பணிவாக எழுந்து, "ஆவியாயிட்டாங்க சார். கொஞ்சம் ஆறவுட்டா வந்துடுவாங்க" என்றார்.

விசில் ஊதினார். எதிர்க் கரும்புக் கொல்லையிலிருந்து வாயுக்கள் ஆளுக்கொரு கரும்போடு வந்து சேர்ந்தன. எண்ணினோம். பதினாலுக்குப் பதிமூன்று. தன்ஷிகாவைக் காணோம். இரண்டு வருஷமாகப் பள்ளியில் ஒருவரும் அவள் குரலைக் கேட்டதில்லை. விழுந்தாலும் கத்தமாட்டாள். கரும்புக்கு அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு.

சார் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். பின்னால் நான், எனக்குப் பின்னால் அலுவலர். கரும்புத் தோகை முகத்தைக் கிழித்தது. கிணற்றை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சார்தான் பார்த்தார். தண்ணீர் சலனமில்லாமல் இருந்தது. கிணற்றையும் தாண்டி, கொல்லை முடியும் வரப்பில் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

அலுவலர் மூச்சு வாங்க, "ஏம்மா, விசில் அடிச்சா வரமாட்டியா?" என்றார்.

அவள் அவரை நிதானமாகப் பார்த்தாள். "நான் வாயு. இன்னும் எடம் இருக்குது."

சார் அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதார். குழந்தை கிடைத்ததற்கா, பேசியதற்கா, பதில் சரியாக இருந்ததற்கா என்று அவரைக் கேட்டேன். தெரியல டீச்சர் என்றார்.

மெமோ வரத்தான் செய்தது. சார் படமெல்லாம் போட்டு மூன்று பக்கம் விளக்கம் எழுதினார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு வரி மன்னிப்பு நானே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பிழைத்தார். போன ஜூனில் மாறுதல் கிடைத்து, சொந்த ஊரான திண்டிவனம் பக்கம் போய்விட்டார்.

மூன்றாம் வகுப்பு இப்போது என்னிடம். அந்தப் பாடத்தை இரண்டே நாளில் முடித்துவிட்டேன். எல்லாரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். ஐம்பத்தாறு வயதில், முகம் தெரியாத திண்டிவனத்துப் பிள்ளைகள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.